இங்கிள்ஷாம்: சுண்ணாம்பைச் சுரண்டாமல் விட்ட சர்ச்

முதல் நாள், புதன்

இங்கிலாந்தில், ஸ்விண்டன் நகரத்து அக்கா வீட்டில் பையை வைத்துவிட்டு, காபி ஆறுவதற்குள் திட்டத்தைச் சொல்லிவிட்டேன். "ஸ்டோன்ஹெஞ்ச் இதே ஜில்லாலதான் இருக்கு. அதை விட்டுட்டு, ஆளே வராத சர்ச்சைப் பார்க்கவா நாலு நாள் லீவு போட்டே?" என்றாள். அத்தான் மட்டும் வரைபடத்தை விரித்து, "இம்பருக்கு நீ நினைச்ச நாள்ல போக முடியாதே" என்றார். அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

பார்க்கப்போவது இரண்டு சர்ச்சுகள், இரண்டும் வில்ட்ஷயரில். ஒன்று தேம்ஸ் கரையோரம் இருக்கும் இங்கிள்ஷாம். இன்னொன்று சாலிஸ்பரி சமவெளியில் ராணுவப் பயிற்சிக் களத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்ட இம்பர். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மட்டும் இம்பருக்குப் பழைய லண்டன் பேருந்துகளை ஓட்டுகிறார்கள். அந்த நாளை வைத்துத்தான் மற்ற மூன்று நாளையும் கோத்தேன்.

வழிபாடு நின்றுபோன சர்ச் என்றால் யாருக்குச் சொந்தம்? இங்கிலாந்து திருச்சபையிடம் சுமார் 16,000 ஆலயங்கள் இருக்கின்றன. கிராமத்தில் ஆள் குறைந்து, பத்துப் பேர் கூட வராத இடத்தில் ஓடு மாற்றவும் சுவர் பூசவும் யார் பணம் போடுவது? 1957-இல் ஐவர் பல்மர்-தாமஸ் என்பவர் ஒரு சங்கம் தொடங்கினார். பெயரைத் தமிழில் சொன்னால் 'நண்பரில்லாத ஆலயங்களின் நண்பர்கள்'. இதைவிட நல்ல பெயர் ஒரு சங்கத்துக்கு அமைந்து நான் பார்த்ததில்லை. அப்புறம் 1968-இல் சட்டம் வந்தது. 1969-இல் அரசும் திருச்சபையும் சேர்ந்து பணம் போடும் ஒரு நிதியம் வந்தது. இன்று அதன் பெயர் ஆலயப் பாதுகாப்பு அறக்கட்டளை. 350-க்கும் மேற்பட்ட ஆலயங்கள் அதன் கையில் இருக்கின்றன. வழிபாடு நின்றாலும் அபிஷேகம் நீங்குவதில்லை. வருஷத்துக்கு ஓரிரு ஆராதனை நடத்திக்கொள்ளலாம்.

சரி, தூங்கப் போகிறேன். காலையில் பேருந்து.

இரண்டாம் நாள், வியாழன்

பேருந்து போய்விட்டது. நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அட்டவணை பழசாம். அடுத்ததற்கு ஒரு மணி நேரம் என்று பக்கத்தில் நின்ற பாட்டி சொன்னார். ஒரு மணி நேரத்தை நிறுத்தத்திலேயே உட்கார்ந்து கழித்தேன்.

இங்கிள்ஷாமுக்கு நடக்க லெச்லேட் என்ற ஊரில் இறங்கி அரைப்பென்னிப் பாலத்தைக் கடந்ததும் நடைபாதை ஆற்றோடு சேர்ந்துவிடுகிறது. பாலம் 1792-இல் கட்டியது. நடந்து கடப்பவரிடம் அரைப் பென்னி வாங்கியதால் அந்தப் பெயர். சுங்கம் வசூலித்த குட்டி வீடு இன்னும் பாலத்து ஓரத்தில் நிற்கிறது. தேம்ஸ் என்றதும் லண்டன் பாலங்கள்தான் மனதில் வரும். இங்கே பார்த்தால் இரண்டு படகு ஒன்றை ஒன்று தாண்டுமா என்று சந்தேகம் வரும் அகலம். புல்வெளி நெடுக மாடுகள். ஒன்று என் பின்னாலேயே நடந்து வந்து, வேலி வந்ததும் நின்றுகொண்டது.

ஒரு மைல் போவதற்குள் எதிர்க்கரையில் உருண்டையாக ஒரு கல்வீடு தெரிகிறது. தேம்ஸையும் செவர்ன் ஆற்றையும் இணைத்து 1789-இல் திறந்த கால்வாய் இங்கேதான் வந்து சேர்ந்தது. அதைப் பார்த்துக்கொள்பவருக்குக் கட்டிய வீடு அது. கால்வாய் எப்போதோ கைவிடப்பட்டது. அந்த இடத்தைத் தாண்டியதும் மரங்களுக்கு இடையில் சாம்பல் நிறத்தில் ஒரு கூரை.

சர்ச் என்றால் கண் கோபுரத்தைத் தேடும். இங்கே கோபுரமே கிடையாது. மேற்குச் சுவரின் உச்சியில் இரண்டு மணி தொங்கும் அளவுக்கு ஒரு சின்ன மணிக்கூண்டு, அவ்வளவுதான். ஊரைத் தேடினால் அதுவும் இல்லை. ஒரு பண்ணை, சில வீடுகள். இடைக்காலத்து இங்கிள்ஷாம் கிராமம் புல்லுக்கு அடியில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. காலை வெயில் சாய்ந்து விழும்போது பார்த்தால் தெருவும் மனைக்கட்டும் இருந்த இடம் தெரியுமாம். நான் போனபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, மேடு மட்டும் தெரிந்தது.

கதவு பூட்டவில்லை. இரும்பு வளையத்தைத் திருகித் தள்ளினேன். ஈரச் சுண்ணாம்பின் வாசனை முகத்தில் அடித்தது.

உள்ளே நுழைந்ததும் ஒன்று புரிந்துவிடும். இங்கே எதுவும் நேராக இல்லை. தரைக்கற்கள் ஏறி இறங்குகின்றன. இருக்கைகள் ஒன்றின்மேல் ஒன்று தோள் சாய்த்த மாதிரி நிற்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய சாக்ஸன் காலத்திலேயே இந்த இடத்தில் ஆலயம் இருந்தது. இப்போது நிற்பதில் பெரும்பகுதி 1205-ஐ ஒட்டிக் கட்டியது. நடுக்கூடம் ஒன்று, அதற்கு இருபுறமும் பக்கக் கூடம், கிழக்கே பீடம் இருக்கும் பகுதி. எல்லாம் சேர்த்தாலும் நம் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம் அளவுக்கு வராது. தூண்களின் தலைப்பில் இலை செதுக்கியிருக்கிறார்கள். விறைத்த தண்டின் நுனியில் இலை சுருண்டு கொள்ளும் அந்தப் பாணி பதின்மூன்றாம் நூற்றாண்டின் கையெழுத்து மாதிரி. அதைப் பார்த்தே கட்டடத்தின் காலத்தைச் சொல்லிவிடுவார்கள்.

இருக்கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாதாரண பெஞ்ச் இல்லை. இடுப்புக்கு மேல் உயரத்துக்குப் பலகை அடைத்து, கதவும் கீலும் வைத்த பெட்டிகள். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு வேலை. குடும்பத்துக்கு ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்வார்கள். குளிர்காலத்தில் வாடைக்காற்று காலைத் தொடாது. ஒரு பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். பீடம் கண்ணுக்குத் தெரியவில்லை, பக்கத்துப் பெட்டியும் தெரியவில்லை. தெரிவது பிரசங்க மேடை ஒன்றுதான். அதற்கு மேலே குரலைத் திருப்பிவிடும் மரக்கூரை. பூசையை விட்டுவிட்டுப் பிரசங்கத்தைப் பிடித்துக்கொண்ட ஒரு காலத்தை இந்தப் பலகைகளே சொல்கின்றன.

1839-இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆலயக் கட்டடக்கலைக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். சர்ச் என்றால் பதினான்காம் நூற்றாண்டு மாதிரிதான் இருக்க வேண்டும், பெட்டி இருக்கை அசிங்கம் என்பது அவர்கள் கட்சி. அவர்கள் பேச்சு எடுபட்டது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் ஊருக்கு ஊர் பெட்டிகளைப் பெயர்த்துவிட்டுப் பளபளப்பான பைன் பெஞ்சுகளைப் போட்டார்கள். இங்கிலாந்தில் எந்தக் கிராமத்துச் சர்ச்சுக்குள் போனாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் விக்டோரியா காலத்துத் திருப்பணிதான். இங்கிள்ஷாம் அதில் தப்பியது.

சுவரில்தான் நேரம் போனது. மூன்று மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் சுவருக்கு முன்னால்தான் நின்றேன். காய்ந்த சுண்ணாம்புப் பூச்சின்மேல் செங்காவியும் மஞ்சள் காவியும் கொண்டு எழுதுவது இங்கத்திய இடைக்கால வழக்கம். எழுத்தறியாத சனங்களுக்குப் படம்தான் வேதம். 1547-இல் எட்டாம் ஹென்றியின் மகன், ஒன்பது வயது எட்வர்ட் அரியணை ஏறினான். அவன் பெயரில் ஆண்ட புராட்டஸ்டன்ட்காரர்கள், படத்தை வணங்குவது தப்பு என்று எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார்கள். ஊர் ஊராக வெள்ளை அடித்தார்கள். வெள்ளைக்கு மேலே வேத வசனங்களை ஆங்கிலத்தில் எழுதினார்கள். அது மங்கியதும் மறுபடி வெள்ளை, மறுபடி வசனம். இங்கே பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை எழுதியவை ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. பூச்சு பெயர்ந்த இடத்தில் எல்லாம் முந்தைய அடுக்கு எட்டிப் பார்க்கிறது.

ஒரு உள்ளங்கை அளவு இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மேலே கறுப்பில் தடித்த கோதிக் எழுத்து, ஒரு சொல்லின் கடைசி இரண்டு எழுத்து. அதன் ஓரம் உதிர்ந்த இடத்தில் இன்னொரு கையின் எழுத்து, மெலிந்து சாய்ந்தது. அதற்கும் கீழே, அரைக்கால் அங்குலப் பள்ளத்தில், ரத்தச் சிவப்பில் ஒரு வளைகோடு. ஆடையின் மடிப்பா, சிறகா, தெரியாது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. முந்தையவர் எழுதியதை மறைக்கத்தான் ஒவ்வொருவரும் தூரிகையை எடுத்தார்கள்.

படம் எடுத்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

மூன்றாம் நாள், வெள்ளி

விடிந்ததிலிருந்து மழை. அக்கா குடை ஒன்றும், "இன்னைக்கும் அதேவா?" என்ற பார்வை ஒன்றும் கொடுத்து அனுப்பினாள்.

லெச்லேடிலிருந்து ஆற்றோடு கீழ்நோக்கி மூன்று மைல் நடந்தால் கெல்ம்ஸ்காட். இங்கிள்ஷாம் ஏன் தப்பியது என்பதற்கான பதில் இந்தக் கிராமத்தில்தான் இருக்கிறது. துணி, சுவர்த்தாள் வடிவங்களுக்குப் பெயர்போன கவிஞரும் சோஷலிஸ்டுமான வில்லியம் மாரிஸ் 1871-இல் இங்கே ஒரு பழைய பண்ணை மாளிகையை வாடகைக்கு எடுத்தார். ஆற்றில் படகு விட்டால் இங்கிள்ஷாம் பக்கத்தூர்.

பர்ஃபர்ட் என்ற ஊரில் நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். அங்கே 1876-இல் சர்ச்சின் திருப்பணியைப் பார்த்து மாரிஸ் கொதித்துப்போனாராம். அந்த ஊர்க் குருவானவர், "சர்ச் என்னுடையது, நான் நினைத்தால் அதில் தலைகீழாகக்கூட நிற்பேன்" என்றாராம். சொன்னாரோ இல்லையோ, 1877-இல் மாரிஸ் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கியது உண்மை. அதற்கு அவர் வைத்த செல்லப்பெயர் 'சுரண்டல் எதிர்ப்பு'. அப்போதைய திருப்பணிக்காரர்களுக்குச் சுவரில் பூச்சு இருந்தால் பிடிக்காது. கல் தெரிய வேண்டும் என்று சுரண்டித் தள்ளினார்கள். எந்தக் காலத்திலும் அப்படி வெறும் கல்லாக இருந்தறியாத சுவர்கள் அவை. பூச்சோடு முந்நூறு, நானூறு ஆண்டு எழுத்தும் படமும் குப்பைக்குப் போயின. நம் பக்கம் கும்பாபிஷேகத்துக்கு முன்னால் மணல் வீச்சு இயந்திரம் வைத்துக் கல்லைப் பளபளப்பாக்கியதில் கல்வெட்டு எழுத்து மழுங்கிப்போனதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சங்கத்தின் அறிக்கையை மாரிஸே எழுதினார். ஒழுகும் கூரையைச் சரிசெய், சாயும் சுவருக்கு முட்டுக்கொடு, அன்றாடம் பார்த்துக்கொள், அதற்கு மேல் கை வைக்காதே. இவ்வளவுதான் அதன் சாரம். இங்கிள்ஷாம் நொறுங்கி விழும் நிலைக்கு வந்தபோது அவரும் சங்கமும் சேர்ந்து 1888, 1889-இல் அந்தக் கணக்குப்படியே பழுது பார்த்தார்கள். சாய்ந்த இருக்கையை நிமிர்த்தவில்லை, தரையைச் சமப்படுத்தவில்லை, பூச்சைத் தொடவில்லை. இதை அவர் நேசித்தார் என்று ஒரு பித்தளைத் தகட்டில் பொறித்துச் சுவரில் வைத்திருக்கிறார்கள். நேற்று அதைத் தாண்டி இரண்டு முறை நடந்திருக்கிறேன், கண்ணில் படவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மாரிஸ் மாதிரி பேர் பெற்ற ஒருவர் பக்கத்தில் குடியிருந்ததால் இது பிழைத்தது. அப்படி யாரும் இல்லாத ஊர்களில்? அங்கே காப்பாற்றியது பெரும்பாலும் வறுமைதான் என்று நினைக்கிறேன். பணக்கார ஊர் புதுப்பித்தது. ஏழை ஊர் ஒட்டுப்போட்டு ஓட்டியது.

கெல்ம்ஸ்காட் சர்ச்சின் பின்புறம் மாரிஸின் கல்லறை. 1896-இல் இறந்தார். உடலைப் பண்ணை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கல்லறையை வடிவமைத்தது நண்பர் ஃபிலிப் வெப். வீட்டுக் கூரையை எடுத்துத் தரையில் வைத்த மாதிரி நீண்ட கல். மழை அதன் இரண்டு சரிவிலும் வழிந்துகொண்டிருந்தது. மாளிகைக்குள் போகவில்லை. ஷூவுக்குள் தண்ணீர் புகுந்த கால்களோடு யார் கம்பளத்தின்மேல் நடப்பது?

நாலு மணிக்கு மழை விட்டது. மறுபடி இங்கிள்ஷாமுக்கே போனேன். நேற்று ஒழுங்காகப் பார்க்காமல் விட்ட ஒன்று இருந்தது: சாக்ஸன் சிற்பம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தியது. ஒரு பாளக் கல்லில் மாதா பக்கவாட்டில் உட்கார்ந்து குழந்தையின்மேல் குனிந்திருக்கிறாள். மேலிருந்து ஒரு கை மட்டும் இறங்குகிறது, கடவுளின் கை. முகங்கள் தேய்ந்துவிட்டன. ஆனால் அந்த முதுகின் வளைவு தேயவில்லை. இரவு காய்ச்சல்காரக் குழந்தையை மடியில் வைத்திருக்கும் எந்தத் தாயின் முதுகும் அப்படித்தான் இருக்கும்.

உற்றுப் பார்த்தால் கல்லில் ஒரு துளையும் அதிலிருந்து விரியும் கீறல்களும் தெரிகின்றன. இந்தக் கல் நெடுங்காலம் வெளியே தெற்குச் சுவரில் இருந்தது. ஆராதனை நேரம் பார்க்க யாரோ அதில் குச்சி நட்டுச் சூரியக் கடிகாரம் ஆக்கிக்கொண்டார்கள். மாதாவை வணங்குவது தப்பு என்ற காலம் வந்தபோதும் கடிகாரத்தை யாரும் உடைக்கவில்லை போலிருக்கிறது. இது என் ஊகம்தான்.

நான்காம் நாள், சனி

அத்தானும் வருகிறேன் என்றார். ரயிலில் வெஸ்ட்பரி போய், அங்கே மாறி வார்மின்ஸ்டர். ஸ்டேஷன் வாசலில் வரிசையாகச் சிவப்பு மாடிப் பேருந்துகள், எல்லாம் அந்தக் காலத்து ரூட்மாஸ்டர்கள். பின்பக்கம் திறந்த படி, சீருடையில் கண்டக்டர். கட்டணத்தில் மிச்சப்படுவது இம்பர் சர்ச்சுக்கும் முன்னாள் படைவீரர்களுக்குமான நன்கொடை. மேல்தளத்தில் முன் சீட்டைப் பிடிக்க அத்தான் சின்னப் பையன் மாதிரி ஓடினார்.

ஊரைத் தாண்டியதும் மரம் குறைந்து, வானம் பெரிதாகிறது. சுண்ணாம்புக்கல் மேடுகள், புல், துருப்பிடித்த டாங்கிகள். சாலையை விட்டு இறங்காதே, வெடிக்காத குண்டு இருக்கிறது என்று வழிநெடுகப் பலகை.

இம்பர் 1086-ஆம் ஆண்டின் டோம்ஸ்டே கணக்கெடுப்பிலேயே இருக்கும் ஊர். எந்த ஊருக்கும் ஏழு மைல் தள்ளி என்று பழைய சொலவடை ஒன்று உண்டு. 1920-களின் கடைசியிலிருந்து ராணுவம் சுற்றி இருந்த நிலங்களை விலைக்கு வாங்கிக்கொண்டே வந்தது. 1943 நவம்பர் 1-ஆம் தேதி பள்ளிக்கூடத்தில் ஊரைக் கூட்டி, அமெரிக்கப் படைகளின் பயிற்சிக்கு இடம் வேண்டும், 47 நாளில் காலி செய்யுங்கள் என்றார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால் கடைசிக் குடும்பங்கள் போயின. போர் முடிந்தால் திரும்பலாம் என்று நம்பித்தான் போனார்கள். யாரும் திரும்பவில்லை. 1961 ஜனவரியில் இரண்டாயிரம் பேருக்குமேல் தடையை மீறி ஊருக்குள் நுழைந்து போராடினார்கள். அப்போதும் கிடைக்கவில்லை.

இன்று பழைய வீடுகளில் மிச்சம் கொஞ்சம்தான். சாலையோரம் நிற்கும் கூடுகள் 1970-களில் சிப்பாய்கள் தெருச்சண்டை பழகக் கட்டியவை. ஜன்னல் இடத்தில் ஓட்டை, உள்ளே வெறும் கான்கிரீட். ஊர் மக்கள் விட்டுப்போன வீடு என்று நினைத்து ஒரு அம்மா கண் கலங்கிக்கொண்டிருந்தார். நானும் எதுவும் சொல்லவில்லை.

புனித ஜைல்ஸ் ஆலயம் மேட்டில் இருக்கிறது. அதைச் சுற்றி உயரமான கம்பிவேலி, மேலே முள்கம்பி. வேலிக்குள் கல்லறைகள், இடைக்காலத்து நடுக்கூடம், மேற்கே கோபுரம். 2005-இல் இங்கிள்ஷாமை வைத்திருக்கும் அதே அறக்கட்டளையின் கைக்கு வந்து, அப்புறம் கூரையும் சுவரும் பழுது பார்க்கப்பட்டன.

இங்கிள்ஷாமில் கை வைக்க ஒரு இடம் இல்லாமல் பொருள் நிறைந்திருந்தது. இங்கே உள்ளே நுழைந்தால் காலி. சாமான்கள் பல ஊர்களுக்குப் போய்விட்டன. வீரர் இருவரின் படுத்த கற்சிலைகள் எடிங்டன் சர்ச்சில் இருக்கின்றன. எஞ்சியது சுவர்.

அதிலும் கோபுரத்தின் கீழ்ப்பகுதியில், வடக்குச் சுவரில், 1692-இல் வரைந்த ஒரு எண் கணக்கு. மணி அடிப்பவர்களுக்கான குறிப்பு அது. இங்கே மணியில் பாட்டு வாசிப்பதில்லை. ஒவ்வொரு மணியும் ஒரு சக்கரத்தில் கட்டியிருக்கும், கயிற்றை இழுத்தால் மணி முழு வட்டம் சுற்றும். அதனால் வேகத்தைக் கொஞ்சம்தான் கூட்டிக் குறைக்க முடியும். ஒரு சுற்றில் 1, 2, 3, 4, 5 என்று அடித்தால் அடுத்த சுற்றில் பக்கத்துப் பக்கத்து மணிகள் இடம் மாற்றிக்கொண்டு 2, 1, 4, 3, 5. இப்படி ஒரு வரிசை திரும்ப வராமல் ஐந்து மணியில் 120 வரிசை போகலாம், ஆறில் 720, ஏழில் 5,040. நம் மிருதங்கக்காரர்கள் பார்த்தால் விரலில் எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

அங்கே நின்ற தன்னார்வலர், வயது எழுபது இருக்கும், "மணி அடிக்கத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "எனக்கும் தெரியாது. ஆனால் இந்த வரிசையை வருஷா வருஷம் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிடுவேன்" என்று சொல்லி, சுவரைப் பார்த்து மெதுவாகப் படிக்கவும் செய்தார். பின்னால் வந்த இரண்டு குழந்தைகள் அவரோடு சேர்ந்து எண் சொல்லின.

செப்டம்பர் 1, புனித ஜைல்ஸ் நாள். அதை ஒட்டிய சனிக்கிழமை இங்கே ஆராதனை நடக்கும். ஊரைவிட்டுப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வருவார்களாம்.

கடைசிப் பேருந்துக்கு முந்தையதில் இடம் கிடைத்தது. அத்தானுக்கு முன் சீட்டு கிடைக்கவில்லை, முகம் தொங்கிப்போனது. கண்டக்டர் எல்லோரையும் ஒருமுறை எண்ணிவிட்டு, தலைக்கு மேலே இருந்த கயிற்றை இரண்டு தரம் இழுத்தார். டிங் டிங் என்றது. வண்டி கிளம்பியது.